மருமகளுக்கு எந்த ஹெட்போன்?

சென்ற வாரம் நீ உன் அம்மாவிடம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். உன் மனைவிக்கு, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கென்று, முதல்முறையாக நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும், அப்பா எதைச் சொல்லுவார் என்று. என்னிடம் நேராகக் கேட்காமல் அம்மா வழியாகக் கேட்டதன் காரணத்தை நான் ஊகித்துக்கொள்வேன். அம்மாவும் அதை மறைக்கவில்லை. "ஹெட்போன்னு வாயெடுத்தா அவுக விசாரணை ஆரம்பிச்சிருவாகன்னு அவன் பயப்படுதான்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள். நீ பயந்தது சரிதான். பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் எந்த முடிவையும் நான் ஏற்றதில்லை, பிறரையும் ஏற்கச் சொன்னதில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில் நம் வீட்டில் நடந்ததை நீயும் நானும் ஒரு நாளும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை வேறு யாரும் படிக்க நேரலாம் என்பதால், என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரரின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவருடைய தென்னந்தோப்பின் விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். எழுதப்போவதாக அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியபிறகே எழுதுகிறேன். அவர் நன்றாக இருக்கிறார். உன்னை விசாரித்தார்.

முதலில் உன் ஹெட்போனை வாங்கிய கதை, ஏனென்றால் அதில் நான் கடைப்பிடித்த முறையில் பெரும்பகுதி இன்றும் செல்லும். நீ சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துவந்த சமயம் அது. இணையத்தில் பலர் புகழ்ந்த ஒன்றைக் காட்டி, இதை வாங்கட்டுமா என்று கேட்டாய். புகழ்ந்தவர் அதைக் காசு கொடுத்து வாங்கினாரா, கம்பெனி அனுப்பிக் கொடுத்ததா என்று நான் கேட்டேன். உனக்குத் தெரியவில்லை. கீழே நட்சத்திரம் போட்டிருந்தவர்களில் பலர் பெட்டியைப் பிரித்த அன்றே போட்டிருந்தார்கள். பிரித்த அன்று எந்தப் பொருள்தான் கெட்டது? காது மெத்தை உரிந்த பிறகும், ஒயர் ஒருபக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் எழுதியவர்கள் இருக்கிறார்களா, அவர்களைத் தேடு என்றேன். நீ முகத்தைச் சுளித்தாய். ஆனால் தேடினாய். அந்தப் பொருளுக்கு எதிராக அப்படி எழுதியவர்கள் நிறையவே இருந்தார்கள் என்பதை உன் மனைவியிடமும் சொல்.

நம்மூர்க் கடைகளில் கிடைத்ததெல்லாம் போனுக்கு மாட்டும் சரக்குதான். ஒரு கடைக்காரர், "பேஸ் அள்ளிரும் சார், மாட்டுனா மண்டைக்குள்ள மேளம் அடிக்கும்" என்றார். மண்டைக்குள் மேளம் அடிப்பதை ஒரு குறையாகச் சொல்லுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே மாட்டிக் கேட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடை ஒன்று இருந்தது. விற்பனையாளர் மூன்றை எடுத்து வைத்து, உடனே ஒரு பாட்டைப் போட்டார். மூன்று ஹெட்போனிலும் அந்தப் பாட்டு பிரமாதமாக இருந்தது. எனக்குச் சந்தேகம் அங்கேதான் வந்தது. கடைக்காரரே தேர்ந்தெடுத்த பாட்டு, வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்துவரப்பட்ட சாட்சி மாதிரி. எந்தக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொல்லும். உன் போனில் இருந்த பழைய வயலின் கச்சேரிப் பதிவைப் போடச் சொன்னேன். வருஷக்கணக்காக நீ கேட்டுப் பழகியது, எங்கே இழைகிறது, எங்கே கரகரக்கிறது என்று உனக்குத் தெரியும். மிருதங்கம் தனியாக வாசிக்கத் தொடங்குமுன் சபையில் ஒருவர் இருமுவார். முதல் ஹெட்போனில் இருமலே இல்லை. இரண்டாவதில் இருமல் இருந்தது, ஆனால் வயலினுக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவதில் அவர் வலதுபக்கம், கொஞ்சம் பின்னால், தொண்டையில் சளியோடு உட்கார்ந்திருந்தார். பதிவில் இருக்கும் கரகரப்பையும் அது மறைக்காமல் சொல்லிற்று. மற்ற இரண்டும் அதை மெழுகிவிட்டன.

சத்தத்தின் அளவை ஒன்றாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று நான் அன்று பிடிவாதம் பிடித்ததும் உனக்கு நினைவிருக்கும். ஒன்று சற்று உரக்கப் பாடினால் அதுவே தெளிவாக இருப்பதாகக் காது ஏமாந்துபோகும். குரலை உயர்த்திப் பேசுகிறவரை உண்மை பேசுகிறவர் என்று எடுத்துக்கொள்ளும் பலவீனம் நீதிமன்றத்திலும் உண்டு. அதன்பிறகு மூன்றாவதைக் கழற்றாமல் அரைமணி நேரம் உன்னை அப்படியே உட்கார வைத்தேன். மூக்குக்கண்ணாடியின் காம்பை அது அழுத்துகிறதா, உச்சந்தலை வலிக்கிறதா, போனோடு நேரே இணைத்தால் போதிய சத்தம் வருகிறதா அல்லது இடையில் வேறொரு கருவி வாங்க வேண்டுமா, காது மெத்தையும் ஒயரும் தனியாகக் கிடைக்குமா, பெட்டியில் இருக்கும் எண்ணும் பொருளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று எல்லாவற்றையும் கேட்டேன். விற்பனையாளர் பொறுமையானவர்தான். ஆனாலும் கடைசியில் சொல்லிவிட்டார். "சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக." நீ சிரித்தாய். நான் வாரண்டி அட்டையில் கடை முத்திரை வைக்கச் சொன்னேன்.

இப்போது கவனமாகப் படி. அந்த மூன்றாவது ஹெட்போனின் வெளிப்புறம் மூடியில்லாமல் வலை போட்டிருந்தது. "இது ஓப்பன் டைப் சார். காத்து போய்வரும். நம்ம ஊர் வெக்கைக்குக் காது வேர்க்காது. பாட்டு தலைக்குள்ள கேக்காம எதிர்ல நடக்கிற மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் கொஞ்சம் வெளிய வரும்" என்று விற்பனையாளர் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்குமா என்று கேட்டேன். "சேச்சே, அம்புட்டு இல்ல சார்" என்றார் அவர். நான் திருப்தி அடைந்தேன். சத்தம் என்றால் சட்டம் படித்தவனுக்கு அடுத்த வீட்டுக்காரர்தான் முதலில் நினைவுக்கு வருவார். அவர் நோட்டீஸ் அனுப்பக்கூடியவர். நம் வீட்டுக்குள்ளேயே, என் அலுவலக அறையை ஒட்டிய கூடத்துப் பெஞ்சில், தினமும் யார் யாரோ காத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கடையில் எனக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டின் அமைப்பு உன் மனைவிக்குத் தெரியும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. முன்கூடத்தில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. அதற்கு உள்பக்கம் என் அறை. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான். என் அறைக்குள்ளேயே, திரைச்சீலைக்குப் பக்கத்தில், உன் மேசை. மாடியறையில் வெயில் தாங்காது என்பதால் பகலில் நீ அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பாய், காதில் அதை மாட்டிக்கொண்டு. பின்தெருவில் மருத்துவமனைக்கு அனுப்பும் காஸ் என்ற கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் பகலெல்லாம் ஓடுகின்றன. அந்த இரைச்சலும் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியும் சேர்ந்து, திரைக்கு உள்ளே பேசுவது பெஞ்சுக்குக் கேட்காது. இத்தனை வருஷம் அதை நம்பித்தான் அந்த அறையில் தொழில் நடந்திருக்கிறது.

சேத்தூர்ப் பக்கத்துச் செண்பகம்மாள் அந்த அறைக்கு வரத்தொடங்கியது உன் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. அவருக்கும் இரண்டு தம்பிகளுக்கும் பொதுவில் ஒரு தென்னந்தோப்பும் அப்பா காலத்து வீடும். பாகப்பிரிவினை வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருந்தது. முதல் நாள் வந்தபோதே, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "வக்கீலய்யா, அந்தத் தம்பிக்கு நாம பேசுதது கேக்காதுல்ல?" கேட்காது அம்மா, காதை மூடியிருக்கிறான் என்றேன். சோதித்துப் பார்க்காத ஒன்றை உறுதியாகச் சொன்னேன். பிறர் அப்படிச் சொன்னால் குறுக்கு விசாரணையில் நான் விடமாட்டேன்.

பிறகு அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பஸ் ஏற முடியவில்லை. தம்பிகள் சமாதானம் பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன், அவர் எதுவரை இறங்கி வருவார் என்று எனக்குத் தெரிய வேண்டும். மகள் போனிலிருந்து அவர் என்னோடு பேசுவதாக ஏற்பாடு. எனக்கு இப்போதெல்லாம் போனைக் காதில் வைத்தால் பாதிதான் புரிகிறது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன். அன்று கூடத்தில் ஆட்கள் காத்திருந்ததால் ஸ்பீக்கர் கூடாது என்று முடிவு செய்தேன். உன்னிடம் ஹெட்போனைக் கேட்டேன். நீ உன் லேப்டாப்பில் அழைப்பைப் போட்டு, அதை என் தலையில் மாட்டி, சத்தத்தை எனக்கு வேண்டுமளவு ஏற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாய். செண்பகம்மாள் மனம் திறந்து பேசினார். வீட்டுப் பங்கைக் கேட்பதெல்லாம் பேச்சுக்குத்தான், வேண்டுமானால் முழுதாக விட்டுவிடலாம், கிணறு இருக்கும் பக்கத்துத் தோப்பு மட்டும் தன் பெயருக்கு வந்தால் போதும் என்றார். கிணறு இல்லாத பக்கம் கிடைத்தால் தண்ணீருக்குத் தம்பி பெண்டாட்டிகளிடம் நிற்க வேண்டும், அதற்குச் சாகலாம் என்றும் சொன்னார். நான் "சரி", "மேலே சொல்லுங்கள்" என்ற இரண்டைத் தவிர வாய் திறக்கவில்லை. எதுவும் வெளியே போகாது என்பதில் எனக்கு அத்தனை நிச்சயம்.

முழங்கால் சற்றுத் தேறியதும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். கோர்ட்டு வளாகத்தில், மரத்தடியில், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினோம். நாங்கள் வீட்டுப் பங்கில் தொடங்குவதாகத் திட்டம். தொடங்கவே விடவில்லை. மூத்த தம்பி, சிரித்துக்கொண்டே, "அக்காவுக்கு வீட்டு மேல ஆசை இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? கிணத்துப் பக்கம்தான வேணும். அதுக்கு என்ன விட்டுத் தாரீகன்னு சொல்லுங்க, பேசுவோம்" என்றார். செண்பகம்மாள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்று பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே வந்ததும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று சொன்னார். "எம் மகளுக்குக்கூட நான் சொல்லல வக்கீலய்யா. அவள வெளிய போகச் சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட பேசுனேன். உங்க வீட்டுல காதுல மாட்டிக்கிட்டு ஒரு பிள்ள உக்காந்திருக்குமே. அதுவும் எந் தம்பி மகனும் ஒண்ணாப் படிச்ச பிள்ளைகதான? அருவிக்கெல்லாம் ஒண்ணா பைக்குல போறாகளாமே." நான் பதில் சொல்லுமுன் அவரே முடித்தார். "கேஸ் கட்ட எடுத்து வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்."

கட்டைத் திருப்பிக் கேட்பது கட்சிக்காரரின் உரிமை, அது என்னை வருத்தவில்லை. அந்தப் பெண்மணி சேத்தூருக்குப் போய் இரண்டு பேரிடம் காரணம் சொன்னால் போதும், வக்கீல் வீட்டுப் பையன் கட்சிக்காரர் பேச்சை எதிர்த்தரப்புக்கு விற்கிறான் என்பது ஊர்ப் பேச்சாகிவிடும். உனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு அந்தப் பேச்சு போக எத்தனை நாழி ஆகும்? இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் நான் உன்னைக் காப்பாற்றுவது எப்படி என்று யோசிக்கவில்லை. நீ சொல்லியிருப்பாயா என்றுதான் யோசித்தேன். குமாஸ்தாவை நினைத்தேன், அன்று அவர் விடுப்பு. நான் எங்கேயாவது வாய் தவறினேனா என்று பார்த்தேன், இல்லை. மிஞ்சியது நீ. வாய்ப்பு இருந்தது, பழக்கமும் இருந்தது. வேறொருவர் மகனாக இருந்தால் இந்த இரண்டும் போதும் என்றே நான் வாதாடியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலேயே கேட்டேன். "செண்பகம்மா போன்ல பேசுன அன்னிக்கு நீ எங்கலே இருந்த?"

"மாடில. ஏன்ப்பா?"

"மாடில வெயில் தாங்காதுன்னுதான கீழ உக்காருவ?"

"ஹெட்போன நீங்க வாங்கிட்டீங்க, மேசையிலயும் நீங்க உக்காந்துட்டீங்க. நான் வேற எங்க போவேன்? படிக்கட்டு நிழல்ல உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருந்தேன்."

"யாரு பாத்தா?"

என்ன நடந்தது என்று உனக்குப் புரிந்துவிட்டது. "யாரும் பாக்கல. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாக. நம்புறதா இருந்தா நம்புங்க" என்றாய்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. அவுங்க தம்பி மகன்கிட்ட அந்த வாரம் பேசுனியா?"

"பேசுனேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வேற என்ன பேசுவேன், கிணத்தப் பத்தியா?"

கிணறு என்ற சொல்லை நான் அதுவரை சொல்லவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. "முன்ன அவுங்க நேர்ல வந்தப்பல்லாம் கிணறு கிணறுன்னுதானப்பா பேசுனாங்க. இந்த ஹெட்போன்ல எல்லாமே கேக்கும். நீங்க கேக்காதுன்னு அவுங்ககிட்ட சொல்றதும் கேட்டுச்சு" என்றாய். அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "போதும். பெத்த பிள்ளைய கூண்டுல ஏத்துனது போதும். சட்டையக் கழட்டிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். நாம் மூவரும் சாப்பிட்டோம். ஹெட்போனில் எல்லாம் கேட்கும் என்று நீ சொன்னது உனக்கே எதிரான சாட்சியம். அதை ஏன் நீயாகச் சொன்னாய் என்பதே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குற்றமுள்ளவர்கள் வழக்கமாக அதைச் சொல்ல மாட்டார்கள். சில சமயம் அதற்காகவே சொல்லுவதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை செண்பகம்மாள் மகளோடு ஆட்டோவில் வந்தார். கட்டு மேசைமேல் தயாராக இருந்தது. அதைக் கொடுக்குமுன் அவருக்கு நான் சொன்ன உறுதிமொழி பொய் என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. பாட்டை ஓடவிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். சாதாரணக் குரலில், நான் பேசுவது கேட்கிறதா அம்மா என்றேன். "நல்லாக் கேக்குதே" என்றார். பிறகு மெதுவாக அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப இந்தத் தம்பி அம்புட்டையும் கேட்டிருக்கு." அவர் மகள் உன்னை முறைத்தாள்.

நீதான் பேசினாய். "அத்தை, ஒரு நிமிஷம். உள்ள கேக்குதுன்னா வெளியயும் கேக்கும். அப்பா அன்னிக்கு எம்புட்டுச் சத்தம் வச்சிருந்தாகன்னு எனக்குத் தெரியும், நான்தான் வச்சுக் குடுத்தேன். நீங்க செத்த நேரம் வெளிய பெஞ்சுல உக்காருங்க. நான் மாடிக்குப் போயி அப்பாவக் கூப்பிடுதேன். அவுக காதுல விழுறது உங்களுக்குக் கேக்குதான்னு பாருங்க." அன்று வைத்த அளவுக்கே சத்தத்தை ஏற்றிவிட்டு நீ மாடிக்குப் போனாய். நான் மாட்டிக்கொண்டேன். நீ மாடியிலிருந்து அன்றைய செய்தித்தாளை வாசித்தாய். திரைக்கு அப்பாலிருந்து செண்பகம்மாள், "ஏதோ கொசு பாடுத மாதிரி இருக்கு, ஒண்ணும் விளங்கல" என்றார். அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. நீ இறங்கி வந்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாய். "அன்னிக்கு மாதாந்திர மின்தடை. பேனும் ஓடல, தறியும் ஓடல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தறி ஓடாது. பேன் மட்டும்தான் ஓடுது" என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு மறுபடி ஏறினாய். மின்தடை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உன் லேப்டாப் பேட்டரியில் ஓடியது, உன் போனிலிருந்து இணையம் எடுத்தது, எதையும் நான் யோசிக்கவில்லை.

நீ மறுபடி வாசிக்கத் தொடங்கினாய். என் காதில் நீ ஒரு வரி சொன்னதும், திரைக்கு அப்பாலிருந்து அதே வரி செண்பகம்மாளின் குரலில் வந்தது. "மேற்கு மலைப் பக்கம் மழைக்கு வாய்ப்பாம். மாங்கா வெல எறங்கிருச்சாம். யாரோ மந்திரி வாராராம்." நடுவில் நீ வேண்டுமென்றே, அம்மா இன்று சுட்ட தோசை கருகிவிட்டது என்று சேர்த்தாய். "தோச கருகிருச்சாம்" என்று அவர் சொல்ல, அடுக்களையிலிருந்து உன் அம்மா, "யாரு சொன்னது?" என்று கேட்டாள். செண்பகம்மாள் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தலையில் மாட்டியிருந்த பொருளின் இரண்டு பக்கத்து வலை வழியாகவும், ஒரு பெண்மணி சொந்த மகளிடம்கூடச் சொல்லாததை, நான் கூடத்துப் பெஞ்சுக்கு அஞ்சல் செய்திருந்தேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்று நான் எடுத்த முன்னெச்சரிக்கைதான் அதைச் செய்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தால், ஆட்கள் இருக்கிறார்கள் என்று வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

அவர் திரையை விலக்கி உள்ளே வந்தார். "அன்னிக்கு இந்தப் பெஞ்சுல யாரு இருந்தா?" என்று கேட்டார். மற்றக் கட்சிக்காரர்களின் பெயரைச் சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்லன், சொல்லவும் கூடாது. அதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க சொல்ல வேண்டாம். செட்டியார்பட்டிக்காரர் ஒருத்தர், நல்லா மீசை வச்சிருப்பாரு, எந் தம்பிக்குச் சம்பந்தி மொற. போன மாசம் உங்ககிட்ட ஏதோ பத்திரம் எழுத வந்ததா அவரே கல்யாண வீட்டுல சொன்னாரு. வந்தாரா இல்லையான்னு நான் உங்கள கேக்கல" என்றார். நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்ததை அவர் தமக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார். அதற்கு நான் பொறுப்பல்ல என்று இப்போதும் சொல்லுவேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

கட்டை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உன்னைப் பார்த்து, "ஏய்யா, நீயும் ஒரு நாற்காலிய எடுத்துப் போட்டு உக்காரு. காதுல கெடக்கதக் கழட்டி வச்சிட்டு நேராவே கேளு. கேக்காத மாதிரி இருந்து கேக்குறதுக்கு இது எம்புட்டோ மேல்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன். அன்றிலிருந்து அந்த வழக்கில் அவர் பேசிய எல்லாவற்றையும் நீயும் கேட்டாய். அவரே உன்னை வைத்துக்கொண்டார். பிறகு நடந்த சமாதானத்தில் கிணற்றுப் பக்கம் அவருக்கே வந்தது. ஆனால் மனதில் உள்ளது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துபோனதால், விட்டுக்கொடுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத சில தென்னை வரிசைகளையும் விட வேண்டியதாயிற்று. அந்த மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும் வரை நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

எனவே, உன் மனைவியின் ஹெட்போன். வயலின் பதிவை, அல்லது அவளுக்குப் பழகிய எந்தப் பதிவையாவது, அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொல். கடைப்பாட்டை நம்பாதே. சத்தத்தைச் சமமாக வைத்துக் கேளுங்கள். அரைமணி மாட்டி உட்காரட்டும், விற்பனையாளர் என்ன கேலி செய்தாலும். அவள் தலைமுடியை உயர்த்திக் கட்டுவாள், கொண்டையோடு பட்டை எங்கே உட்காருகிறது என்று பார்க்கட்டும். திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை வாயால் சொல்வதை ஏற்காதே, ரசீதில் எழுதி வாங்கு. அதன்பிறகு, கடைக்குப் போகுமுன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் ஹாலும் படுக்கையறையும்தான். அவள் பாட்டுக் கேட்கும்போது அதே அறையில் நீ ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பாய். வெளியாள் வந்து உட்காருவார். உன் மாமியார் வந்து தங்குவார். ஒரு நாள் அவசரத்துக்கு நீயோ வேறு யாரோ அதை எடுத்து மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு வாங்கியதை ரகசியத்துக்கு உபயோகப்படுத்துவீர்கள். பொருள் யாருக்கு, எதற்கு வாங்கப்பட்டது என்பதை எல்லோரும் கேட்பார்கள். அதை வேறு யார், வேறு எதற்கு எடுப்பார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கம் மூடிய வகையை வாங்குங்கள். பாட்டு சற்றுத் தலைக்குள் ஒலிக்கும், காது சற்று வேர்க்கும், நடுநடுவே கழற்றிவைத்தால் போகிறது. மூடிய வகை என்று பெட்டியில் அச்சடித்திருப்பதையும் நம்ப வேண்டாம். கடையிலேயே ஒருவர் மாட்டிக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் நின்று பாருங்கள், ஆள் மாற்றி இருமுறை. திறந்த வகைதான் வேண்டும் என்று அவள் பிரியப்பட்டால், அதற்கும் நான் தடை சொல்லவில்லை. அது நல்ல பொருள், உண்மை பேசுகிற பொருள். ஆனால் அது எல்லோரிடமும் பேசும் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும். நான் இப்போது கூடத்துப் பெஞ்சை வாசல்பக்கம் நகர்த்திவிட்டேன். திரைச்சீலையை எடுத்துவிட்டுக் கதவு போட்டாயிற்று.

இனி நீ கேட்காத ஒன்று. உன்னைச் சந்தேகித்ததற்காக நான் வருத்தம் தெரிவிப்பேன் என்று நீ எதிர்பார்த்திருந்தால், அதை இந்தக் கடிதத்தில் தேடாதே. சந்தேகிப்பது என் வேலை, குற்றம் சாட்டுவது வேறு, அதை நான் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நிரூபிக்கப்பட்டது என்ன என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். பெஞ்சில் இருந்தவருக்குக் கேட்டிருக்க முடியும் என்பது மட்டும்தான். அவர் சொன்னார் என்பது நிரூபிக்கப்படவில்லை. நீ சொல்லவில்லை என்பதும் நிரூபிக்கப்படவில்லை. செண்பகம்மாள் உன்னை நம்பியது அவர் பெருந்தன்மை, அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. சம்பவ நேரத்தில் நீ படிக்கட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாய் என்பதற்கு உன் வாய்மொழி ஒன்றுதான் இருக்கிறது, பார்த்தவர் யாரும் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில், ஆதாரம் எதுவும் இல்லாமல், குறுக்கு விசாரணையும் முடியாமல், நான் அப்படியே ஏற்றுக்கொண்ட வாய்மொழி அது ஒன்றுதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாளே, அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

உன் அப்பா
இராஜபாளையம்